மலைக்கோட்டை ஏறாத தாத்தா

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரையாவது பார்த்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "மலைக்கோட்டைக்குக் கடைசியா எப்போ ஏறுனீங்க?" பாதிப் பேர், அஞ்சாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப்போனார்கள் என்பார்கள். மீதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் ஏறியதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் அந்தப் பாறை எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை. ஊருக்குப் பேரே அதனால்தான். திண்டு மாதிரி ஒரு கல், அதனால் திண்டுக்கல். மதுரையிலிருந்து வந்தாலும் சரி, திருச்சியிலிருந்து வந்தாலும் சரி, ஊர் வருவதற்கு முன்னால் பாறை வந்துவிடும். தூங்குகிற ஆளை எழுப்பி, "கல்லு தெரிஞ்சிருச்சு, பையை எடு" என்பார்கள். அதோடு கல்லின் வேலை முடிந்தது.

இந்தக் கட்டுரையில் வருகிற தாத்தா சிரிக்கிற கட்சி. வயது 67. நாகல் நகர்ப் பக்கம் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பூட்டுப் பட்டறை. பதினாலு வயதில் அப்பாவுக்கு உதவியாக அரம் பிடித்தவர், அறுபத்தேழு வரை கீழே வைக்கவில்லை. பட்டறை வாசலில் நின்றாலே மேற்கே கல் தெரியும். மழை வருமா என்று பார்ப்பதற்கு அதைப் பார்ப்பார். மற்றபடி அதோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

"ஏன் தாத்தா ஏறவே இல்ல?" என்று பேத்தி கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அங்க யாரு இருக்கா, போய்க் கும்பிட?"

யோசித்துப் பார்த்தால் இது சரியான பதில்தான். திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். பழனியில் முருகன் இருக்கிறார். இதே தாத்தா பழனி மலையை எத்தனை முறை ஏறியிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. திண்டுக்கல் மலையின் உச்சியிலும் கல்லால் கட்டிய கோயில் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, தூண்களில் சிற்பம் இருக்கிறது. கருவறையில் சாமி மட்டும் இல்லை. மேலே இருந்த சாமியைத்தான் கீழே ஊருக்குள் அபிராமி அம்மன் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சாமி இறங்கிவிட்ட மலையில் மனிதன் எதற்கு ஏற வேண்டும்? பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வருகிறார்கள். அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலில் மாசித் திருவிழாவுக்கு ஊரே கூடுகிறது. எல்லாமே கீழேதான்.

வேடிக்கை என்னவென்றால், தாத்தா சென்னையில் போய் ஒரு டவர் ஏறியிருக்கிறார்! கல்யாணத்துக்கு முன்னால், பூட்டு சாம்பிள் எடுத்துக்கொண்டு பாரிமுனைக் கடைகளில் ஆர்டர் கேட்கப் போனபோது, கூட வந்தவர் அண்ணா நகர் டவரைக் காட்டியே தீருவேன் என்று இழுத்துக்கொண்டு போனாராம். 1968இல் நடந்த வர்த்தகப் பொருட்காட்சிக்காகக் கட்டியது அது. 135 அடி உயரம். சுற்றிச் சுற்றி மேலே போகும் பாதை. "ஏறி என்ன பாத்தீங்க?" என்று கேட்டால், "என்னமோ வீடா இருந்துச்சு. நமக்கு யாரைத் தெரியும்?" என்பார். (2011இல் மேலே போக விடாமல் பூட்டிவிட்டார்கள். பிறகு கம்பி வலையெல்லாம் அடித்து 2023இல்தான் திறந்தார்கள். பன்னிரண்டு வருஷம் தொங்கிய பூட்டு எந்த ஊர்ப் பூட்டு என்பதுதான் தாத்தாவின் ஒரே கேள்வி.)

சரி, அவரை ஏற வைத்தது எது என்பதற்கு வருவோம்.

தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் துபாயில் இருக்கிறார். பதினொரு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்து மகள் பழகி முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். அந்த மகள்தான் மேலே கேள்வி கேட்ட பேத்தி. ஆறாம் வகுப்பு. இளையவர் இங்கேயே ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மூத்தவரிடமிருந்து வீடியோ கால். அவருடைய கம்பெனியில் யாரோ கொடுத்த டிக்கெட்டில் புர்ஜ் கலீஃபாவில் ஏறியிருந்தார். 2010இல் திறந்த கட்டடம், 828 மீட்டர். உலகத்தில் இன்றைக்கும் அதுதான் உயரம். 124வது மாடிக்கு லிஃப்டில் ஒரு நிமிடம் போலத்தான் ஆகிறதாம். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பேத்தி கத்திக்கொண்டிருந்தாள். தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அங்கிட்டு என்னப்பா தெரியுது?"

"எல்லாம் தெரியுதுப்பா. கடல் தெரியுது, ரோடு தெரியுது. கார் எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு."

"நீ தங்கியிருக்க ரூம் தெரியுதா?"

மூத்தவர் சிரித்தார். "அது எங்கேயோ இருக்குப்பா. இங்கேருந்து எப்படித் தெரியும்?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த பேச்சு ஆரம்பித்தது. அது பல மாதமாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு. பட்டறை இடத்தை விற்பது. நாலு சென்ட்தான். ஆனால் ரோட்டுக்குப் பக்கம். ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பணம் வந்தால் மூத்தவர் இருக்கிற கடனை அடைத்துவிட்டு ஊருக்கே வந்து சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை போடலாம். வராவிட்டால் இன்னும் நாலைந்து வருஷம்.

காமர்ஸ் படிக்கிற யாரிடம் கணக்கைக் கொடுத்தாலும் விற்கச் சொல்வார்கள். கையால் செய்யும் பூட்டு ஒன்றுக்கு ஆகும் நேரத்தில் மெஷினில் செய்த பூட்டு பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது, அதுவும் அலிகாரிலிருந்து. தாத்தாவோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் ஏடிஎம் காவலுக்குப் போய்விட்டார். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைத் தெருவில் லட்டு கொடுத்தார்கள். லட்டு கொடுத்தவரும் அடுத்த வருஷம் மளிகைக் கடை வைத்துவிட்டார். பட்டறையின் வருமானத்தையும் அந்த இடத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், எழுதிய பேனாவே சிரிக்கும்.

ஆனால் ஐம்பத்து மூன்று வருஷத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? வரவிலா, செலவிலா? அதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் இடம் ஒதுக்கவில்லை. தாத்தா போனில் "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அவர் "பார்ப்போம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துவிட்டு அவரே சொன்னார். "அவன் அம்புட்டு உசரத்துல போய் நிக்கிறான். நமக்கு இங்கேயே ஒண்ணு இருக்கு. வா பாப்பா, போய்ட்டு வருவோம்."

பாட்டி வரவில்லை. முழங்கால் வலி. "அறுபத்தேழு வயசுல என்ன கிறுக்கு" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலும் முறுக்கும் கொடுத்துவிட்டார்.

மார்கழி மாதம், அரையாண்டு லீவு. மூன்றரை மணிக்கு அடிவாரம். சித்தப்பா டிக்கெட் எடுத்தார். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது கோட்டை. பலகையைப் பேத்தி சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, "900 அடின்னு எல்லாரும் சொல்றாங்களே, நீங்க ஏறிருவீங்களா?" என்றாள்.

இந்த 900 அடி விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. இணையத்தில் எங்கே தேடினாலும் இந்த எண்தான் வரும். ஆனால் திண்டுக்கல் ஊரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து கெஸட்டியர் கணக்கில் பாறையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,223 அடி, தரையிலிருந்து 280 அடி. அதாவது அண்ணா நகர் டவர் மாதிரி இரண்டு மடங்கு. ஏறிப் பார்த்தவர்களுக்கு இதுதான் பொருந்தும். இது தெரிந்திருந்தால் திண்டுக்கல்காரர்கள் இன்னும் கொஞ்சம் பேர் ஏறியிருப்பார்களோ என்னவோ :-)

படிகள் பாறையிலேயே வெட்டியவை. செங்குத்தாக இல்லை, அகலமாக, உயரம் குறைவாக இருக்கின்றன. பீரங்கியை இழுத்துக்கொண்டு போவதற்காக அப்படி வெட்டினார்கள் என்று சொல்கிறார்கள். பேத்தி படிகளை எண்ண ஆரம்பித்து, நூற்றுக்கு மேல் முறுக்குக்காக நின்றதில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். தாத்தா இருபது படிக்கு ஒருமுறை நின்றார். நிற்கும்போதெல்லாம் மூச்சு வாங்குவதை மறைப்பதற்காகச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். "என்னமா கட்டியிருக்கான் பாரு. செங்கல்லும் சுண்ணாம்பும். இரும்பே இல்ல." பாதி வழியில் வாசல் வந்ததும் நின்று, கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் குழியையும் துளையையும் விரலால் தடவிப் பார்த்தார். எல்லோரும் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். அவர் தாழ்ப்பாள் எப்படிப் போட்டிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டையை முதலில் கட்டியவர் மதுரை நாயக்கரான முத்துக்கிருஷ்ணப்பர், 1605இல். பிறகு மைசூர்க்காரர்கள் கைக்குப் போனது. 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். பிற்காலத்தில் மைசூரையே ஆளப்போகிற மனிதருக்கு முதல் பெரிய பதவி கிடைத்த ஊர் திண்டுக்கல். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச் சாலை வைத்துத்தான் அவர் தன் படையைப் பெருக்கினார். இதைச் சித்தப்பா போனில் படித்துச் சொன்னதும் தாத்தா நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா, அப்பவே இரும்பு வேலைக்கு இந்த ஊருக்குத்தான் வந்திருக்கான்." (அந்த ஆயுதச் சாலைக்கும் இன்றைய பூட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. தாத்தா நிரூபணத்துக்குக் காத்திருக்கவில்லை.)

பேத்திக்கு வேலு நாச்சியார்தான் பிடித்தவர். பள்ளியில் படித்திருக்கிறாள். 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் இறந்த பிறகு சிவகங்கை ராணி இந்தப் பக்கம்தான் வந்தார். விருப்பாச்சியில் இருந்தார், ஹைதரிடம் உதவி கேட்டார். 1780இல் படையோடு போய்த் தன் சீமையை மீட்டார். "எட்டு வருஷம் தாத்தா. எட்டு வருஷம் வெளியூர்ல இருந்துட்டு ஊருக்குத் திரும்பிப் போனாங்க." சொல்லிவிட்டு அவள் இரண்டு படி தாவி மேலே போய்விட்டாள். தாத்தா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மூச்சு வாங்குவதற்காக என்றுதான் சித்தப்பா நினைத்தார்.

உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. சாமியில்லாத கோயிலுக்குள் நுழைந்து, இல்லாத சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டார் தாத்தா. பீரங்கி இருந்தது. பீரங்கியின் மேல் ஒரு காதல் ஜோடியின் பேர் இருந்தது. பாறைச் சுனையில் மழைத் தண்ணீரும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலும் இருந்தன. ஆயுதக் கிடங்கு, கைதிகளை வைத்த அறை எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் பார்த்தாயிற்று. பிறகு மதில் ஓரம் வந்தார்கள்.

நகரத்தைப் பார்ப்பதற்கென்று கட்டிய கோபுரங்களைப்போல இது யாரும் வேடிக்கை பார்க்கக் கட்டியதல்ல. யார் வருகிறார்கள் என்று பார்க்கக் கட்டியது. மேலே நின்றால் அது புரிந்துவிடும். மேற்கே நீளமாகக் கொடைக்கானல் மலை. தென்கிழக்கே சிறுமலை. நடுவில் தட்டையாகச் சமவெளி. மதுரைக்குப் போகிறவனும் கொங்கு நாட்டிலிருந்து வருகிறவனும் இந்த இடைவெளி வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு குதிரை கிளப்பும் புழுதி கூட இங்கிருந்து தெரிந்திருக்கும். அதனால்தான் இந்த ஒரு பாறைக்காக அத்தனை அடிதடி. ஆங்கிலேயர்கள் 1783இல் பிடித்தார்கள், 1784இல் மங்களூர் உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடம் திருப்பிக் கொடுத்தார்கள், 1790இல் மறுபடி பிடித்தார்கள். 1792இல் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கோட்டை கைமாறிய ஒவ்வொரு முறையும் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டிருப்பார்கள்தானே என்று தாத்தா கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

இன்றைக்குக் குதிரைப் புழுதி இல்லை. நால்வழிச் சாலையில் லாரிகள் போகின்றன. ரயில் பாதை நாலு பக்கமும் பிரிகிறது, திருச்சிக்கு, மதுரைக்கு, பழனிக்கு, கரூருக்கு. கோட்டைக்குளம் பச்சையாகத் தெரிகிறது. பேகம்பூர் பள்ளிவாசல், சூசையப்பர் தேவாலயம். தோல் ஷாப்புகள் இருக்கும் பக்கம் காற்று திரும்பும்போது மூக்குக்கும் தெரிகிறது. மிச்ச இடமெல்லாம் மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். கறுப்புத் தொட்டி, கறுப்புத் தொட்டி, கறுப்புத் தொட்டி. தண்ணீர் இல்லாத ஊர், விவசாயம் போதாத ஊர், அதனால்தான் இரும்பைப் பிடித்துக்கொண்டு பிழைத்த ஊர் என்பார்கள். அந்தத் தண்ணீர்க் கவலையை மேலிருந்து எண்ணிப் பார்க்கலாம், மாடிக்கு ஒரு தொட்டி வீதம்.

"நம்ம வீடு எங்க?" பேத்தி கேட்டாள்.

இதற்குத்தான் தாத்தா ஏறி வந்தார் என்பது அப்போதுதான் சித்தப்பாவுக்குத் தெரிந்தது. அவர் ஏற்கெனவே கிழக்குப் பக்கம் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் பட்டறை வாசலிலிருந்து கல்லைப் பார்த்திருக்கிறார். கல்லிலிருந்து பட்டறை தெரியாமலா போகும்?

தெரியவில்லை.

ஸ்டேஷன் தெரிந்தது. ஒரு ரயில் வந்து நின்றதால் அதைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நாகல் நகர் மேம்பாலம். பாலத்திலிருந்து கைவிரலால் தெருத் தெருவாக எண்ணிக்கொண்டு வந்தார். நாலாவது தெருவில் தொலைந்துபோனார். மறுபடி பாலத்துக்குப் போய் ஆரம்பித்தார். சித்தப்பா போன் கேமராவில் இழுத்து இழுத்துப் பார்த்தார், எல்லாம் கட்டம் கட்டமாகக் கலங்கியது. "வேப்பமரம் இருக்குல்ல, அதைப் பாருங்கப்பா" என்றார். ஊரில் அவ்வளவு வேப்பமரம் இருக்கிறது என்பது மேலே போனால்தான் தெரிகிறது!

தாத்தாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபமா, அவமானமா என்று சொல்ல முடியாது. கடையில் நாலு பேர் பார்க்கும்போது தன் பூட்டே தனக்குத் திறக்காமல் போனால் எப்படி இருக்கும், அப்படி.

யோசனை சொன்னது பேத்தி. "பாட்டிக்குப் போன் போடுங்க."

போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் பாட்டியின் குரல் மதில் முழுக்கக் கேட்டது.

"மாடிக்குப் போடி. பெரிய தாம்பாளத்தை எடுத்துட்டுப் போ."

"எதுக்கு?"

"மேக்கே பார்த்து வெயில்ல ஆட்டு."

"மலை ஏறுனதுல மண்டைக்கு ஏதும் ஆயிருச்சா?"

"போடின்னா போயேன். நாங்க இங்கேருந்து பாக்கணும்."

வலிக்கிற முழங்காலோடு பாட்டி மாடி ஏறும் சத்தம், வழியில் மருமகளிடம் புலம்பும் சத்தம் எல்லாம் போனில் கேட்டது. சூரியன் இவர்கள் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த நாலு காலேஜ் பையன்கள் கூட, என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களும் வந்து தேட ஆரம்பித்தார்கள்.

"அந்தா!" என்று ஒரு பையன்தான் முதலில் கத்தினான்.

பாலத்துக்கு வலப் பக்கம், அவர்கள் தேடிய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வெளிச்சம் பளிச்சென்று வந்து போனது. மறுபடி வந்தது. ஊசி முனை அளவுதான். ஆனால் கண்ணைக் கூசியது. பேத்தி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள், அங்கிருந்து பாட்டிக்குத் தெரியப்போவதுபோல. "தெரியுதா? கை வலிக்குது, தெரியுதா இல்லையா?" என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தெரியுதுடி" என்றார் தாத்தா. "தெரியுது. நிப்பாட்டாத."

வெளிச்சம் வந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதும் மற்றது தானாக வந்தது. இதோ மாடி. மாடிக்குப் பின்னால் வேப்பமரம். மரத்துக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் உயரமான கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவில், துருப்பிடித்த நிறத்தில் சதுரமாக ஒன்று. பட்டறை. பூட்டுக்குள் போடும் லீவர் அளவு இருக்கும். அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்த தகரக் கூரை அது ஒன்றுதான்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

சித்தப்பா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். தாத்தா கேட்கவில்லை. அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள்தான் அப்பாவிடம் அடி வாங்கினார். அதை வைத்துத்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தார், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார், மூத்தவனுக்கு விசா எடுத்தார். மழைக் காலத்தில் ஒழுகும் இடங்கள் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். மேலிருந்து பார்த்தால் கட்டைவிரலால் மூடிவிடலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டி, மூடியும் பார்த்தார். அப்புறம் விரலை எடுத்தார்.

"பாப்பா."

"என்ன தாத்தா?"

"உங்கப்பன் அன்னைக்கு அங்க நின்னான்ல, அம்புட்டு உசரத்துல."

"ஆமா."

"அவன் இருக்க இடம் அவனுக்குத் தெரியலைன்னான்ல?"

"ஆமா. ரொம்ப தூரம்னாரு."

தாத்தா தலையாட்டினார். கீழே தாம்பாளம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது, இப்போது கொஞ்சம் கோபமாக.

"வரச் சொல்லிருவோம்" என்றார்.

காவலர் விசில் ஊதினார், நேரமாகிவிட்டது. இறங்கும்போது தாத்தா நிற்கவே இல்லை. முழங்கால் நடுங்கியது என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை அட்வான்ஸ் வாங்கினார்கள். தை பிறந்து பத்திரம் முடிந்தது. பட்டறைச் சாமான்களில் பெரிதெல்லாம் எடைக்குப் போனது. வைஸையும் அரங்களையும் மட்டும் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கடைசி நாள் வாங்கினவர் கையில் சாவி கொடுத்தார்கள். அவர் போய் அரை மணி நேரத்தில் சித்தப்பாவுக்குப் போன். "சார், சாவி போட்டா சுத்துது, பூட்டு திறக்க மாட்டேங்குதே." பட்டறைக்குப் போட்டிருந்தது தாத்தா கையால் செய்த வித்தைப் பூட்டு. சாவியைப் போடுவதற்கு முன்னால் ஒரு இடத்தில் அழுத்த வேண்டும். எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். சொல்ல மறந்துவிட்டதாகச் சொன்னார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. தானே போய்த் திறந்துவிட்டு, பூட்டைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மூத்தவர் சித்திரையில் வந்து சேர்ந்தார். வந்த மறு ஞாயிறு மகள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குப் போனாள். வெயில் கொளுத்தியது. நாலரை மணிக்கு மேலிருந்து போன் வந்தது, "ரெடியா?" என்று.

இந்த முறை மாடியில் தாம்பாளத்தோடு நின்றது தாத்தா. பாட்டி கீழே முற்றத்திலிருந்து, "நேத்துதான் தேய்ச்சு வச்சேன், கீறல் விழுந்துச்சுன்னா தெரியும்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.